பல கலைகளில் கைவைப்பவருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேன்வாஸில் வரைகிறார், துணியில் பத்திக் (மெழுகால் மூடிச் சாயமேற்றும் வேலை) போடுகிறார், செப்புத் தகடு அடிக்கிறார், புத்தகத்துக்கு அட்டை செய்கிறார், கூப்பிட்டால் சாரம் கட்டிச் சுவரிலும் ஏறுகிறார். இப்படிப் பல ஊடகங்களில் வேலை செய்யும் ஓவியர்களும், அப்படி ஆக நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே. உதாரணங்கள் பெரும்பாலும் சென்னையைச் சுற்றியவை. தமிழ்நாட்டுத் தட்பவெப்பத்துக்கும் இந்தியச் சட்டத்துக்கும் பொருந்தும்படி பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

பல துறையில் கால் வைத்தால் ஒன்றிலும் தேற முடியாது என்கிறார்களே?

சென்னையை அடுத்த சோழமண்டல ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர்களிடமும் இதைச் சொல்லியிருப்பார்கள். சென்னை அரசு கலைப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், படித்து வெளியே வரும் மாணவர்கள் பிழைப்புக்காக ஓவியத்தையே விட்டுவிடுவதைப் பார்த்தார். படத்தை விற்று வாழ முடியாத காலம் அது. ஆனால் அந்தப் பள்ளி 1850-இல் தொடங்கியதிலிருந்தே ஓவியத்தோடு கைவினைகளுக்கும் பேர்போனது. மாணவர்களுக்குத் துணியும் தெரியும், உலோகமும் தெரியும். ஓவியர்கள் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்து, பத்திக் துணிகள் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல்வெளியை வாங்கி, 1966-இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். நிலத்துக்குப் பணம் தந்தது மெழுகும் சாயமும்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது, கைவினையை அவர்கள் ஓவியத்துக்குப் போட்டியாக வைக்கவில்லை என்பது. கைவினைக்குச் சில மணி நேரம், மீதி நேரம் சொந்த வேலைக்கு. சோறு போடும் வேலை எது, பெயர் வாங்கித் தரும் வேலை எது என்று பிரித்து வைத்திருந்தார்கள். இந்தப் பிரிவினை இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்பவர்தான் ‘எதிலும் தேறாதவர்’ ஆகிறார்.

ஒரே ஆள் பல ஊடகங்களில் வேலை செய்வது பார்வைக்கு எப்படி இருக்கும்?

சோழமண்டலத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எஸ்.ஜி. வாசுதேவை எடுத்துக்கொள்ளலாம். மைசூரில் பிறந்து சென்னையில் படித்தவர். எண்ணெய் வண்ணம், கோட்டோவியம், செப்புப் புடைப்பு (தகட்டை அடித்து உருவம் எழுப்புவது), பட்டு நெசவுச் சித்திரம் எல்லாம் செய்திருக்கிறார். 1970-இல் வந்த ‘சம்ஸ்காரா’ என்ற கன்னடப் படத்துக்குக் கலை இயக்குநரும் அவரே. இத்தனையையும் இணைப்பது அவர் எடுக்கும் கருப்பொருள்தான். அவருடைய மரம் கேன்வாஸிலும் வரும், செம்பிலும் வரும். ஊடகத்துக்கு ஏற்ப அதன் நடை மாறும்: வண்ணத்தில் கீறிக் கீறிச் செய்த கிளை, செம்பில் உளிமுனையால் தட்டிய கிளையாகிவிடும்.

நெசவுச் சித்திரத்தில் இன்னொரு பாடமும் உண்டு. தறியில் அவர் உட்காரவில்லை, தேர்ந்த நெசவாளரோடு சேர்ந்து செய்தார். பல துறைக் கலைஞர் என்றால் எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யாரோடு செய்தோம் என்பதைப் படைப்பின் பெயர் அட்டையில் எழுத மறக்காமல் இருந்தால் போதும்.

சோற்றுக்கான வேலையாக எதைத் தேர்ந்தெடுப்பது?

மூன்றைப் பாருங்கள். ஒன்று, தொகுதியாகச் செய்ய முடியுமா? பத்திக், திரை அச்சு, பீங்கான் எல்லாம் நான்கைந்தாகச் செய்யும்போதுதான் கட்டுப்படியாகும். இரண்டு, பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர முடியுமா? மூன்று, அதன் தூசியும் புகையும் சொந்த வேலையைக் கெடுக்காமல் இருக்குமா? தகடு தேய்க்கும் அறையிலேயே வார்னிஷ் காயும் கேன்வாஸ் இருந்தால், செப்புத்தூள் முழுக்க அதில்தான் போய் ஒட்டும்.

விலை எப்படிப் போடுவது?

மாதச் செலவு 45,000 ரூபாய் என்று வையுங்கள். பொருள் வாங்குவது, கடிதம் எழுதுவது, ஆளைப் பார்ப்பது போக மாதத்தில் 15 நாள்தான் கைவேலைக்கு மிஞ்சும். ஆக ஒரு நாள் உழைப்பு 3,000. நான்கு பத்திக் புடவைக்கு மூன்று நாள் ஆனால், புடவைக்கு 2,250. அதோடு துணி, மெழுகு, சாயம், எரிவாயு 750 சேர்த்தால் அடக்கம் 3,000.

இதற்குப் பிறகுதான் பலர் தவறுகிறார்கள். கடைக்காரர் 40 சதவீதக் கமிஷன் கேட்டால், 3,000-க்கு மேல் 40 சதவீதம் ஏற்றி 4,200 என்று விலை ஒட்டுகிறார்கள். கடைக்காரர் எடுப்பதோ 4,200-இல் 40 சதவீதம், அதாவது 1,680. கைக்கு வருவது 2,520. ஒவ்வொரு புடவைக்கும் 480 ரூபாய் கையைக் கடிக்கிறது. அடக்கத்தை 0.6-ஆல் வகுக்க வேண்டும்: 5,000. இன்னொன்று: உங்கள் வீட்டில் நேரடியாக வாங்க வருபவருக்கும் அதே 5,000 சொல்லுங்கள். கடையின் முதுகுக்குப் பின்னால் விலை குறைத்தால் அந்தக் கடை அத்தோடு போயிற்று.

வீட்டிலேயே பத்திக் தொடங்க என்னென்ன வேண்டும்?

சுத்தமான பருத்தி: பாப்ளின், மல், காம்ப்ரிக். பாலியெஸ்டர் கலந்த துணியில் சாயம் வெளிறித்தான் நிற்கும். ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகித வாடையோடு சாம்பலானால் பருத்தி, கருகி உருண்டை பிடித்தால் கலப்பு.

கடைத்துணியில் கஞ்சி இருக்கும். அதை எடுக்காமல் விட்டால் மெழுகும் ஒட்டாது, சாயமும் ஒட்டாது. சோப்பும் கொஞ்சம் சோடா ஆஷும் (சோடியம் கார்பனேட்) போட்ட கொதிநீரில் அரை மணி நேரம் வைத்து, நன்றாக அலசிக் காயவைத்து, இஸ்திரி போட்டு எடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்ச வேண்டும். முத்தாக நின்றால் இன்னொரு முறை வேக வையுங்கள்.

மெழுகு: பாரஃபின் இரண்டு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. பாரஃபின் கூடினால் மெழுகு உடைந்து நரம்பு நரம்பாக வெடிப்புக்கோடு விழும், தேன்மெழுகு கூடினால் கோடு வழவழப்பாக நிற்கும். தூரிகைக்குப் பன்றிமயிர் நல்லது, நைலான் மயிர் சூட்டில் சுருண்டுவிடும். மெல்லிய கோட்டுக்கு ஜன்டிங் என்ற, மூக்கு வைத்த சின்னச் செப்புக் கிண்ணப் பேனா வேண்டும். துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். மேசைமேல் விரித்தால் மெழுகு மேசையில் ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது விரிசல் விடும்.

சாயத்துக்குக் குளிர்நீரில் பிடிக்கும் ரியாக்டிவ் வகைதான் சரி, ஏனென்றால் வெந்நீரில் மெழுகு இளகிவிடும். 250 கிராம் துணிக்கு (சுமார் இரண்டு மீட்டர் பாப்ளின்) கணக்கு இது: தண்ணீர் 5 லிட்டர், உப்பு 250 கிராம், சோடா ஆஷ் 50 கிராம், சாயம் வெளிர் நிறத்துக்கு 5 கிராம், அடர்த்திக்கு 10 கிராம். கறுப்புக்கு இதற்கும் இரண்டு மடங்கு. சாயத்தைச் சிறிது தண்ணீரில் குழைத்து வாளியில் விட்டு, உப்பைக் கரைத்து, நனைத்த துணியைப் போட்டு 20 நிமிடம் புரட்டுங்கள். பிறகு துணியை எடுத்துவிட்டு, தனியாகக் கரைத்து ஆறவைத்த சோடா ஆஷை ஊற்றிக் கலக்கி, துணியைத் திரும்பப் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். சோடா விழுந்த வாளியில் சாயத்தின் பலம் மணிக்கு மணி போய்க்கொண்டே இருக்கும். மீந்ததை மறுநாளுக்கு வைப்பதில் பயனில்லை. ஆப்பச் சோடாவைப் போட்டுவிட்டு நிறம் நிற்கவில்லை என்பவர்கள் நிறையப் பேர். அதுவும் இதுவும் வேறு.

சாயத்தூளை அளக்கும்போது முகமூடி கட்டாயம். இந்தப் பொடி மூச்சில் போனால் காலப்போக்கில் ஒவ்வாமையாகி, பொட்டலத்தைப் பிரித்தாலே இழுப்பு வரும் நிலைக்குப் போனவர்கள் உண்டு.

மெழுகுக் கோட்டைத் தாண்டிச் சாயம் ஊடுருவிவிடுகிறதே?

பத்துக்கு ஒன்பது தடவை காரணம் சூடு போதாததுதான். போட்ட கோடு கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிந்து, துணியின் பின்பக்கத்திலும் அதே பளபளப்போடு தெரிந்தால் மெழுகு உள்ளே போயிருக்கிறது. வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மேலே உட்கார்ந்திருந்தால் போகவில்லை. பின்பக்கம் திருப்பி இன்னொரு கோடு போட வேண்டியதுதான். மெழுகு 110 முதல் 120 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கினால் 100 டிகிரியைத் தாண்டாது. மல் துணிக்கு அது போதும், பாப்ளினுக்குச் சில சமயம் போதாது.

அதிகச் சூடானாலும் வம்பு. மெழுகு தண்ணீராக ஓடிக் கோடு பரவும். புகை வந்தால் அடுப்பை உடனே அணைக்கவும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, ஊற்றினால் தீ கூரைக்குப் போகும். பாத்திரத்தை மூடும் தட்டு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

சூடு சரியாக இருந்தும் சாயம் கசிந்தால், துணியை வாளியில் மடித்துத் திணித்திருப்பீர்கள், அல்லது சித்திரை வெயிலில் காயவைத்திருப்பீர்கள். மெழுகு போட்ட துணிக்கு நிழல்தான். வேண்டுமென்றே வெடிப்பு வேண்டுமானால் ஐஸ் தண்ணீரில் நனைத்துவிட்டுக் கசக்குங்கள். இளகிய மெழுகு உடையாது, மடியும்.

நிற வரிசை எப்படி?

வெளிரிலிருந்து அடர்த்திக்கு. ஒவ்வொரு முறையும் முந்தைய நிறத்தின் மேல்தான் அடுத்தது ஏறும் என்பதால் மஞ்சள்மேல் நீலம் போட்டால் பச்சை வரும், நீலம் வராது. வெள்ளை, மஞ்சள், காவி, மரூன், கறுப்பு என்ற வரிசை தவறாது. மஞ்சளுக்கும் நீலத்துக்கும் ஒரே துணியில் இடம் வேண்டுமானால், நீலம் வரும் இடத்தை முதல் சாயத்துக்கு முன்பே மெழுகால் மூடிவிட்டு, கடைசியில் மெழுகை எடுத்து அந்த இடத்தை மட்டும் தூரிகையால் தீட்டுகிறார்கள்.

மெழுகை எடுப்பதற்குச் சோப்புத் தண்ணீரில் கொதிக்க விடுங்கள். ஆறியதும் மெழுகு மேலே ஆடைபோல் கட்டும், எடுத்து அடுத்த முறைக்கு வைக்கலாம். சூட்டோடு கழிவுநீர்க் குழாயில் கொட்டினால் பிளம்பருக்குத்தான் வருமானம்.

பத்திக் செய்யும் கை செப்புத் தகட்டுக்குப் போக முடியுமா?

போகலாம். இரண்டுமே தலைகீழாக யோசிக்க வைக்கும் வேலை. பத்திக்கில் நிறம் வேண்டாத இடத்தை முதலில் மூடுகிறீர்கள், புடைப்பில் முன்னால் எழ வேண்டியதைப் பின்னாலிருந்து அடிக்கிறீர்கள். சென்னைக்காரர்களில் பி.வி. ஜானகிராம் தகட்டுச் சிற்பத்தை, முன்னாலிருந்து பார்ப்பதற்கென்றே அமைந்த முன்பார்வைச் சிற்பமாக வளர்த்தவர். எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து, கோடுகளாலேயே சிற்பம் கட்டினார்.

தொடக்கத்துக்கு 24 அல்லது 26 கேஜ் செப்புத் தகடு, அதாவது அரை மில்லிமீட்டர் அளவு. குங்கிலியம், செங்கல் தூள், கொஞ்சம் எண்ணெய் கலந்த அரக்குப் படுகைமேல் வைத்து அடிக்கிறார்கள். மழைக்காலத்தில் படுகை கெட்டியாகிவிட்டால் எண்ணெய் சில துளி கூட்டுவது, கோடையில் செங்கல் தூள் கூட்டுவது வழக்கம். அடிக்க அடிக்கச் செம்பு விறைக்கும். ‘டொக்’ என்ற ஒலி மாறி ‘டிங்’ என்று கேட்க ஆரம்பித்தால் நிறுத்தி, மங்கிய சிவப்பாகும்வரை சுட்டுத் தண்ணீரில் போடுங்கள். திரும்ப இளகிவிடும். இதைச் சோம்பேறித்தனமாக விட்டவர்களின் தகடு சரியாக மூக்கு நுனியில்தான் கிழியும்.

சுவரோவியத்துக்குக் கூப்பிடுகிறார்கள். என்ன பார்க்க வேண்டும்?

சென்னையில் கண்ணகி நகர் குடியிருப்பின் சுவர்களில் 2020-இல் வரையப்பட்ட பிரம்மாண்டமான ஓவியங்களுக்குப் பிறகு இந்த வகை அழைப்புகள் கூடியிருக்கின்றன. படத்தைவிடச் சுவர்தான் முக்கியம். புதுப்பூச்சானால் 28 நாள் காத்திருக்க வேண்டும். பழைய சுவரில் கையால் தேய்த்துப் பாருங்கள். கையில் சுண்ணாம்பு ஒட்டினால் கம்பித் தூரிகையால் சுரண்டிக் கழுவாமல் பிரைமர் (அடிப்பூச்சு) அடிக்க முடியாது. கடற்கரையோரச் சுவரில் உப்புப் பூத்திருந்தால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மேல்மாடித் தண்ணீர்க் குழாய் கசிவாக இருக்கும். அதை அடைக்காமல் வரைந்த படம் ஒரு மழைக்காலத்தில் தோல் உரிந்துவிடும்.

வெளிப்புற எமல்ஷன் பெயின்ட் இரண்டு முறை பூச லிட்டருக்கு சுமார் 50 முதல் 60 சதுர அடி. 400 சதுர அடிச் சுவருக்கு அடித்தளம் மட்டுமே 7, 8 லிட்டர், சொரசொரப்பான சுவருக்குப் பத்து. கண்ணைப் பறிக்கும் சிவப்பும் ரோஜாவும் வெயிலில் முதலில் வெளுக்கும். காவி, மஞ்சள் காவி, கறுப்பு ஆக்சைடுகள் பல ஆண்டு நிற்கும். தெற்கு, மேற்குச் சுவர்களில் படத்தின் உயிர்நாடியான பகுதியை இந்த ஆக்சைடுகளிலேயே அமைத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம்.

படத்தைப் பெரிதாக்கக் கட்டம் கீறுவதைவிட, சுவர் முழுதும் கன்னாபின்னாவென்று எழுத்துகளும் கிறுக்கல்களும் போட்டு, அதைப் படமெடுத்து, கைபேசியில் உங்கள் ஓவியத்தை அதன்மேல் ஊடுருவித் தெரியும்படி வைத்துப் பார்த்து வரைவது வேகம். ‘இந்தச் சுழிக்குப் பக்கத்தில் கண் வருகிறது’ என்று கண்டுபிடித்துவிடலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தேதி கொடுக்காதீர்கள்.

அட்டைப்படம், அச்சு வேலையில் அடிக்கடி நேரும் பிழை?

திரையில் பார்த்த நீலம் அச்சில் ஊதாவாக வந்துவிடும். வரையத் தொடங்கும்போதே நான்கு வண்ண அச்சு முறையில் கோப்பைத் திறந்தால் அதிர்ச்சி இராது. 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெட்டு ஓரம். எழுத்தை அந்த ஓரத்துக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள்.

பணம் வாங்கிக்கொண்டு வரைந்த படத்தின் உரிமை யாருடையது?

இது தெரியாமல் ஏமாறுபவர்கள்தான் அதிகம். பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-ஆம் பிரிவுப்படி படைத்தவரே முதல் உரிமையாளர். ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், பணத்துக்காக வரைந்த ஓவியம், உருவப்படம், எடுத்த புகைப்படம் ஆகியவற்றில், மாறான ஒப்பந்தம் இல்லையென்றால் கேட்டவரே முதல் உரிமையாளர். ஆகவே ‘பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும், வாடிக்கையாளர் இன்ன பயனுக்கு மட்டும் பயன்படுத்தலாம்’ என்ற ஒரு வரி, முன்பணம் வாங்கும் முன்பே எழுத்தில் வர வேண்டும்.

உரிமையை எழுதிக் கொடுப்பதானால் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. ‘எல்லா உரிமையும், உலகெங்கும், என்றென்றைக்கும்’ என்று அச்சடித்த தாள் வந்தால், அந்த மூன்றுக்கும் தனித்தனி விலை கேளுங்கள்.

எழுதிக் கொடுத்த பிறகும் பெயர் குறிப்பிடக் கேட்கவும், படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கவும் 57-ஆம் பிரிவு இடம் தருகிறது. தில்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இல் பெயர்த்து எடுத்துச் சேதப்படுத்தினார்கள். வழக்கு 2005-இல் முடிந்தபோது தில்லி உயர் நீதிமன்றம் மிஞ்சியதைத் திருப்பித் தரச் சொல்லி, 5 லட்ச ரூபாய் இழப்பீடும் விதித்தது.

என் பத்திக் வடிவத்தை ஒருவர் நூற்றுக்கணக்கில் அச்சடிக்கிறார். பதிப்புரிமை காக்குமா?

கவனம் தேவை. வடிவமைப்புச் சட்டம், 2000-இன் கீழ் பதிவு செய்யக்கூடிய வடிவத்தைப் பதிவு செய்யாமல் விட்டு, அது பொருத்தப்பட்ட பொருளை நீங்களோ உங்கள் அனுமதி பெற்றவரோ ஆலை முறையில் ஐம்பதுக்கு மேல் உற்பத்தி செய்தால், அந்த வடிவத்தில் பதிப்புரிமை அற்றுப்போகும் (பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 15). புடவை நிறுவனத்துக்கு வடிவம் கொடுப்பவர் சந்தைக்கு வருமுன்னரே வடிவமைப்புப் பதிவு செய்துகொள்ள வேண்டும். வெளியிட்ட பிறகு பதிவுக்குப் போனால் ‘புதியது அல்ல’ என்று திருப்பிவிடுவார்கள்.

முன்பணம், வரி?

பாதி முன்பணம், மாதிரி ஒப்புதலில் 30 சதவீதம், ஒப்படைக்கும்போது மீதி. இரண்டு முறை திருத்தம் சேர்ந்தது, மூன்றாவதற்குத் தனிக்கட்டணம் என்று எழுதிவிடுங்கள். நிறுவனங்கள் வரி பிடித்துத்தான் தரும்: தொழில்முறைச் சேவையாகக் கணக்கு வைத்தால் 10 சதவீதம், ஒப்பந்த வேலை என்றால் தனிநபருக்கு 1 சதவீதம். எந்தத் தலைப்பில் போடுகிறார்கள் என்று பில் அனுப்புமுன் கேளுங்கள். ஜிஎஸ்டி பதிவு வரம்பு, சேவையானால் ஆண்டு 20 லட்சம், பொருள் விற்பனை மட்டுமானால் 40 லட்சம். சுவரும் வரைந்து புடவையும் விற்பவருக்குச் சின்ன வரம்புதான் பொருந்தும்.

வாடிக்கையாளருக்கு அனுப்பும் படத் தொகுப்பில் (போர்ட்ஃபோலியோ) இத்தனை வகை வேலையையும் எப்படிக் காட்டுவது?

ஊடகவாரியாக அடுக்காமல், யாருக்கு அனுப்புகிறீர்கள் என்பதற்கேற்ப அடுக்குங்கள். பதிப்பாளருக்கு அட்டைகளும் கோட்டோவியங்களும், கட்டட வடிவமைப்பாளருக்குச் சுவரும் செம்பும். 12 முதல் 15 படங்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் அளவு, ஊடகம், ஆண்டு, உடன் செய்தவர் பெயர். செப்புப் புடைப்பை நேர் வெளிச்சத்தில் படமெடுத்தால் தட்டையாகத் தெரியும், ஒரு பக்கமிருந்து சாய்வாக ஒளி விழ வேண்டும்.

பழைய வேலைகளைக் கடலோர ஊரில் எப்படிப் பாதுகாப்பது?

பத்திக்கை மடிக்காதீர்கள், மடிப்பில் நிறம் தேயும். பிளாஸ்டிக் குழாயில் மல் துணி சுற்றி, அதன்மேல் சுருட்டி வையுங்கள். காகித ஓவியங்களுக்கு அமிலமற்ற இடைத்தாள். அலமாரியை வெளிச்சுவரில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வைத்தால் பூஞ்சை குறையும். செம்புக்கு மெல்லிய லாக்கர் பூசாவிட்டால் உப்புக்காற்றில் பச்சை படரும். வீட்டுப் பெரியவர்களிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பண்டிகைக்கு முன்தினம் குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டால், நீங்கள் மாதக்கணக்கில் வரவழைத்த கருமை ஒரே தேய்ப்பில் போய்விடும்.